விசுவாசம் போதவில்லையா? ஆபகூக்கைக் கேளுங்கள்

என் அத்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. ஜெபிக்க நிறையப் பேர் வந்தார்கள், பெரும்பாலும் நல்ல மனிதர்கள். அவர்களில் ஒருவர் கட்டிலருகே நின்று ஜெபித்துவிட்டு வெளியே வந்து, மாமாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்காவுக்கு விசுவாசம் போதலண்ணே. அது மட்டும் இருந்தா இந்நேரம் எழுந்து உக்காந்திருப்பாங்க." கதவு சாத்தியிருக்கவில்லை. அத்தைக்குக் கேட்டிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்த கணக்கு அது. இவ்வளவு விசுவாசம் வைத்தால் இவ்வளவு அற்புதம் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் வைத்தது எடை குறைவு. இந்தக் கணக்கு வேதத்தில் எங்கே இருக்கிறது என்று தேடப் போனால், கிறிஸ்தவம் விசுவாசம் என்று எதைத்தான் சொல்கிறது என்பதையே முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். சபைக்கு வெளியே நாம் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம்? நாய் விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். சாப்பிட்ட வீட்டுக்கு விசுவாசமாக இரு என்கிறோம். தலைவர் தோற்றாலும் கட்சி மாறாதவரைக் கட்சி விசுவாசி என்கிறோம். இவற்றில் எதிலும் 'இந்தக் கருத்து உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொருள் இல்லை. ஒருவரை விட்டுப் போகாமல் இருப்பதுதான் பொருள். சபைக்குள் நுழைந்ததும் அதே சொல் வேறாகிவிடுகிறது. பெண் பார்க்கும்போது 'அவங்க விசுவாசியா?' என்று விசாரித்தால், எந்தச் சபை, ஞானஸ்நானம் எடுத்தாயிற்றா என்று கேட்கிறார்கள். 'விசுவாசத்தோடு ஜெபியுங்கள்' என்றால், சந்தேகம் எட்டிப்பார்க்காதபடி மனதை இறுக்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாகிறது.

போதாக்குறைக்கு இரண்டு வேதாகமங்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் முடியும் இடத்தில், சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்கிறது. ஒருவருடைய இரண்டாவது சொல் இன்னொருவருக்கு முதல் சொல். இரண்டு சபையிலிருந்தும் வந்து கல்யாணம் செய்துகொண்ட வீட்டில் குடும்ப ஜெபத்தின்போது இது ஒரு சின்ன வேடிக்கை.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது பிஸ்டிஸ் என்ற கிரேக்கச் சொல். நம்புவது, நம்பத்தக்கவராக இருப்பது, கொடுத்த வாக்கு மாறாமல் இருப்பது எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் போட்டவர்களும் அதைச் சொன்னார்கள், கூட்டாளி கைவிட மாட்டான் என்று இருந்தவர்களும் அதைச் சொன்னார்கள். ஆக, நாயையும் கட்சிக்காரரையும் பற்றிப் பேசும் நம்முடைய தெருத் தமிழ் மூலச் சொல்லை விட்டு அப்படியொன்றும் தூரம் போய்விடவில்லை. சில பிரசங்கங்களைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த விஷயத்தின் வேர் கிரேக்கத்தில் இல்லை, எபிரெயத்தில் இருக்கிறது. "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்." ஆபகூக் புத்தகம், 2ஆம் அதிகாரம், 4ஆம் வசனத்தின் பிற்பாதி. கிறிஸ்தவ வரலாற்றில் இவ்வளவு வேலை செய்த பாதி வசனம் வேறு உண்டா என்று தெரியவில்லை. வசன அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் அதைத் தனியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அது எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்று பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சிதான்.

ஆபகூக் மூன்றே அதிகாரம் உள்ள சின்னப் புத்தகம். எருசலேம் கி.மு. 586இல் பாபிலோனியர் கையில் விழுவதற்குக் கொஞ்ச காலம் முந்தையது. மற்றத் தீர்க்கதரிசிகள் தேவன் பக்கம் நின்று மக்களிடம் பேசுவார்கள். இவரோ மக்கள் பக்கம் நின்று தேவனிடம் வழக்காடுகிறார். ஊரெல்லாம் கொடுமை, நியாயம் புரண்டு கிடக்கிறது, எத்தனை நாள் கூப்பிடுவது, நீர் கேட்கவே மாட்டீரா என்பதுதான் தொடக்கமே. பதில் வருகிறது. அது கேள்வியைவிட மோசம்: கல்தேயரை, அதாவது பாபிலோனியரை, எழுப்பி உங்கள்மேல் அனுப்பப் போகிறேன். ஆபகூக் விடவில்லை. எங்களைவிடப் பொல்லாதவன் எங்களை விழுங்கும்போது நீர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று மறுபடி கேட்கிறார். கேட்டுவிட்டுக் காவல் கோபுரத்தில் ஏறி நின்றுகொள்கிறார், என்ன பதில் வருகிறது பார்ப்போம் என்று.

அங்கேதான் அந்த வசனம் வருகிறது. அதற்கு முந்தின வரி, "அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு." அதாவது, சுகம் கிடைத்தவனுக்கோ ஜெபம் கேட்கப்பட்டவனுக்கோ சொன்னதல்ல இது. பதில் தாமதமாகும், அதற்குள் நிலைமை இன்னும் கெடும் என்று தெரிந்துகொண்ட ஒருவனுக்குச் சொன்னது. 'பிழைப்பான்' என்ற தமிழ் வினைச்சொல் இங்கே கனகச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்தால் பிழைத்துக்கொள்வோம், ஏதோ பிழைத்துக் கிடக்கிறோம் என்று சொல்வோமே, அந்தப் பிழைப்பு.

இந்த வசனத்தில் விசுவாசம் என்று வருவது எபிரெயத்தில் எமுனா. உறுதியாக, ஆடாமல் நிற்பது என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. ஜெப முடிவில் நாம் சொல்லும் 'ஆமென்' அதே வேரின் இன்னொரு கிளை. எமுனா என்ற சொல்லை வேதாகமத்தில் முதன்முதலில் எங்கே பார்க்கிறோம் தெரியுமா? யாத்திராகமம் 17இல், ஒரு கிழவரின் கைகளைப் பற்றிப் பேசும்போது. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே மலையுச்சியில் கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் ஜெயிக்கிறார்கள், கை இறங்கினால் தோற்கிறார்கள். கை அசந்துபோகிறது. ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கையைத் தாங்கிக்கொள்கிறார்கள். சூரியன் மறையும்வரை அவர் கைகள் "ஒரேநிலையாயிருந்தது" என்கிறது தமிழ். அந்த 'ஒரேநிலை'தான் எமுனா.

எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். எமுனா முதன்முதலாகத் தலைகாட்டும் இடத்திலேயே அது மோசேயின் சொந்தப் பலம் அல்ல. அடியில் கல், இரண்டு பக்கமும் மனிதர்கள். மாற்கு 2இலும் இப்படி ஒன்று உண்டு. நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துகொண்டு வந்து, கூட்டத்தால் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். அவன் விசுவாசத்தை என்று எழுதவில்லை. படுத்திருந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று அங்கே யாரும் அளக்கவில்லை.

அப்புறம் அந்தப் பாதி வசனம் பயணம் கிளம்பியது. யூத ரபிகளின் தல்மூத்தில் ஒரு விவாதம் உண்டு. மோசேக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகள் 613. தாவீது அவற்றைப் பதினொன்றாகச் சுருக்கினார், மீகா மூன்றாகச் சுருக்கினார் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஆபகூக் ஒன்றில் கொண்டுவந்து நிறுத்தினார் என்று முடியும். 1947இல் சாக்கடலோரக் கும்ரான் குகையில் முதலில் கிடைத்த சுருள்களில் ஆபகூக்குக்கான விளக்கவுரையும் ஒன்று. அந்தச் சமூகம் வசனத்தைத் தன் தலைவரான 'நீதியின் போதகர்' மேல் வைத்த பற்றுறுதிக்குப் பொருத்திக்கொண்டது. கிறிஸ்துவுக்கு முந்திய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவாகிந்தோ 'தன்' என்ற இடத்தில் 'என்' என்று வாசிக்கிறது. அதாவது மனிதன் பிழைப்பது அவனுடைய உறுதியினால் அல்ல, தேவனுடைய வாக்குமாறாமையினால். பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது இதை எடுத்தாள்கிறார். தன், என் இரண்டையுமே விட்டுவிட்டு வெறுமனே 'விசுவாசத்தினாலே' என்கிறார். கவனமாகவே செய்தாரா, சொல்ல முடியாது. ஆனால் பிரதிப்பெயர் விழுந்த அந்த இடைவெளியில்தான் இரண்டாயிரம் வருடத்து இறையியல் குடியிருக்கிறது.

அதில் ஒருவர் மார்ட்டின் லூத்தர். துறவி, விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேதபாட ஆசிரியர். ரோமர் முதல் அதிகாரத்தில் வரும் 'தேவநீதி' என்ற சொல்லையே தான் வெறுத்ததாக, சாவதற்கு முந்தின வருடம், 1545இல், நினைவுகூர்ந்து எழுதினார். எவ்வளவு நோன்பிருந்தாலும் போதவில்லை என்று விரட்டும் நீதி அது. அந்த வசனத்தை இரவும் பகலும் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், தேவன் கேட்கும் நீதி அல்ல, கொடுக்கும் நீதி என்று புரிந்தது, பரலோக வாசல் திறந்த மாதிரி இருந்தது என்கிறார். விசுவாசம் அந்தக் கொடையை வாங்க நீட்டும் கை. கையை நீட்டியதற்குக் கூலி கேட்க முடியாது அல்லவா, அதுதான் அவருடைய வாதத்தின் சாரம். 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவந்தபோது ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத 'மாத்திரம்' என்ற சொல்லைச் சேர்த்தார். எதிர்ப்பு வந்தது, ஜெர்மன் பேச்சுவழக்கு அப்படித்தான் கேட்கிறது என்று 1530இல் பதில் எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், 'விசுவாசத்தினாலே மாத்திரம்' என்ற சொற்சேர்க்கை வேதாகமத்தில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் மறுப்பாக. மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் (நற்செயல்களினாலும்) நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்கிறது. லூத்தர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றே சொல்லிவிட்டார். அதை நிதானமாக வாசித்தால் யாக்கோபு பவுலோடு மல்லுக்கு நிற்கவில்லை. உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாத ஒருவரிடம் 'சமாதானமாய்ப் போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு எனக்கு விசுவாசம் இருக்கிறது என்கிறவனைத்தான் பிடிக்கிறார். தேவன் ஒருவர் உண்டு என்று நம்புகிறாயா, நல்லது, பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்று அவர் சொல்வதில் ஒரு குறும்பு இருக்கிறது. சரியான கொள்கை இருப்பது மட்டும் விசுவாசம் என்றால் பிசாசுதான் முதல் விசுவாசி.

இந்தத் தகராறு சபையை இரண்டாகப் பிளந்தது, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547இல் தன் தீர்ப்பைச் சொன்னது, போர்கள் நடந்தன. அதையெல்லாம் விவரிக்க இடமில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், நீதிமானாக்கப்படுதலை, அதாவது தேவன் மனிதனை நீதிமானாக ஏற்றுக்கொள்வதைக் குறித்த அடிப்படை உண்மைகளில் தாங்கள் ஒத்துப்போவதாகக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தில், நம்முடைய தகுதியினால் அல்ல என்பது அதன் சாரம். பின்னர் மெதடிஸ்டுகளும் (2006) சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் (2017) சேர்ந்துகொண்டார்கள். நம்மூரில் இது பெரிய செய்தியாகவில்லை. ஆகியிருக்க வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு லூத்தரின் வழிவந்தவர். அந்தச் சண்டையின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு என் அத்தையின் கட்டிலருகே வந்து நின்றால் ஒன்று உறைக்கிறது. 'விசுவாசம் போதவில்லை' என்ற தீர்ப்பு, விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிவிடுகிறது. நோன்பு போதவில்லை, காணிக்கை போதவில்லை என்று லூத்தரை விரட்டிய அதே குரல்தான். எடுத்துக்கொண்ட பெயர் மட்டும் புதிது. கிருபை, கிருபை என்று அதிகம் பாடுகிற கூட்டங்களிலேயே இது நடப்பதுதான் விசித்திரம்.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நிற்காத) பெண்ணிடம் இயேசு சொன்னார். நாசரேத்தில் அவிசுவாசத்தினால் அதிக அற்புதங்கள் நடக்கவில்லை. சந்திரரோகியான, அதாவது வலிப்பு வந்து விழும், சிறுவனைச் சீஷர்களால் குணமாக்க முடியாமல் போனபோது, காரணம் உங்கள் அவிசுவாசம் என்றார். கடுகு விதையளவு விசுவாசம் இருந்தால் மலையும் பெயரும் என்றார். ஜெபிக்க வந்தவர்கள் கையில் எடுப்பது இந்த வசனங்களைத்தான். ஆனால் அந்தக் கண்டனம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். நோயாளிக்குப் போகவில்லை, அவனைப் பெற்றவருக்கும் போகவில்லை. ஜெபித்துத் தோற்ற ஊழியக்காரர்களுக்குப் போகிறது! அந்தச் சிறுவனின் தகப்பன் சொன்னதை மாற்கு 9 பதிவு செய்திருக்கிறது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம், கண்ணீர். பையன் குணமானான். கடுகைச் சொன்னதும் அளவைப் பெரிதாக்கச் சொல்வதற்கல்ல. இனி அளவைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வசனம் சிறுவயதில் என்னைக் குழப்பியது. "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று ரோமர் 10:17. ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடம் செய்த வாரமே, கேள்வி கேட்டால் விசுவாசம் வளரும்போல என்று நினைத்து நிறையக் கேட்டேன். அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். பிற்பாடுதான் தெரிந்தது, இங்கே கேள்வி என்றால் கேட்டறிவது. குறளில் கேள்வி என்றே ஓர் அதிகாரம் இருக்கிறதே, 'செவிச்செல்வம்' என்று, அந்தக் கேள்வி. 'கேள்விப்பட்டேன்' என்பதில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. பவுல் சொல்வது இதுதான்: விசுவாசம் மனதுக்குள் முயன்று உற்பத்தி செய்வதல்ல, யாரோ சொல்லக் கேட்டு வருவது. பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளரான அகுஸ்தீனார் தன் சுயசரிதையில் இதை அழகாகச் சொல்வார்: நான் இந்தத் தாய் தகப்பனுக்குத்தான் பிறந்தேன் என்பதைக்கூடக் கேள்விப்பட்டுத்தானே நம்புகிறேன்! நம்பத்தக்கவர் சொல்லை நம்பாமல் ஒருநாள்கூட வாழ முடியாது என்பது அவர் கண்டுகொண்டது. அதே சமயம் சிறுவயதில் நான் செய்த தவறான வாசிப்பும் முழுத் தவறு இல்லை. ஆபகூக்குக்கு அந்த வசனம் கிடைத்ததே கேள்வி கேட்டதால்தான். பரங்கிமலைக்கு வந்து ரத்தசாட்சியாக மரித்தார் என்று நம்முடைய மரபு சொல்லும் தோமாவுக்கும் அப்படியே. சந்தேகத் தோமா என்று பெயர் வைத்துவிட்டோம். "என் ஆண்டவரே, என் தேவனே" என்று அறிக்கையிட்டதும் அந்தச் சந்தேகக்காரர்தான்.

எபிரெயர் 11ஐ விசுவாச வீரர்களின் பட்டியல் என்பார்கள். விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள், பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். மேடையில் இதுவரைக்கும்தான் வாசிப்பார்கள். அங்கிருந்து இரண்டு மூன்று வரி தள்ளிப் போனால், வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள். 34ஆம் வசனத்தில் பட்டயத்துக்குத் தப்பியவர்களும் 37ஆம் வசனத்தில் பட்டயத்தால் செத்தவர்களும் ஒரே பட்டியலில்தான். தப்பியவர்களுக்கு விசுவாசம் அதிகம், செத்தவர்களுக்குக் குறைவு என்று ஆசிரியர் சொல்லவில்லை. எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள், எல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்றே முடிக்கிறார்.

பவுலைப் பாருங்கள். சரீரத்தில் ஒரு முள், மூன்று முறை கேட்டும் போகவில்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக்கோளாறு; இன்னும் அதிகமாக விசுவாசம் வை என்று எழுதாமல், தண்ணீர் மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று வைத்தியம் எழுதுகிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று ஒரு வரி, அவ்வளவுதான். விளக்கம் இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் கோயில்களுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளுக்கு வீடு அமைத்த ஏமி கார்மைக்கேல், யாரிடமும் பணம் கேட்காமல் ஜெபத்தில் மட்டும் கேட்டு ஒரு பெரிய குடும்பத்தையே நடத்தினவர். 1931இல் கீழே விழுந்தவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது வருடம் பெரும்பாலும் ஒரே அறை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அன்னை தெரசா விஷயம் வேறு மாதிரி. அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல், அவர் தன் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் வெளிவந்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, கல்கத்தாவில் அவர் வேலை தொடங்கிய நாளிலிருந்தே, ஜெபத்தில் ஒரு ஆறுதலும் இல்லை, உள்ளே இருட்டு. அந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொல்லியிருந்தார். காலையில் எழுந்து திருப்பலிக்குப் போனார், பிறகு தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார், மறுநாளும் அதையே செய்தார். எமுனா என்றால் மோசேயின் கைகள் என்று சொன்னேனே, அந்த மாதிரி.

தானியேல் புத்தகத்தில் சூளைக்கு முன் நிற்கும் மூன்று வாலிபர்கள் ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். அதோடு நிறுத்தாமல், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய சிலையைப் பணிய மாட்டோம் என்கிறார்கள். இந்த 'போனாலும்' ஆபகூக்கின் கடைசி அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடில்லாமல் போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன். கல்தேயர் வரமாட்டார்கள் என்ற செய்தி அவருக்கு வரவில்லை. வரத்தான் போகிறார்கள். ஒரு விவசாயிக்கு இருக்கும் அத்தனையும் போன பிறகு என்ன மிச்சம் என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

எங்கள் அத்தையும் கடைசி வாரங்களில் யாராவது ஜெபிக்கட்டுமா என்று கேட்டால் தலையாட்டுவார். ஆமென் சொல்லச் சத்தம் வராது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தினமும் மாலையில் வந்து கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே பழைய கீர்த்தனைகளை மெதுவாகப் பாடுவார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவரே சொல்லிக்கொள்வார்.

ஆபகூக் புத்தகம் எப்படி முடிகிறது என்று பலரும் கவனிப்பதில்லை. 'போனாலும்' எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது: இராகத்தலைவனுக்கு, நரம்புக் கருவிகளில் வாசிக்க. வழக்காடியவர் அதைப் பாட்டாக்கிப் பாடகர் குழுவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.